முக்காலிக்கும் காமிராவுக்கும் இடையே



புகைப்படக் கலையைப்பற்றிப் பேச வருபவர்கள் பெரும்பாலும் காமிராவைப்பற்றியும், லென்ஸைப்பற்றியும், ஒளியைப்பற்றியுமே பேசுவார்கள். நான் இன்று எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் காமிராவின் அடியில் ஒளிந்து கிடக்கும் ஒரு சிறு தகடு. முக்காலியின் தலைமீது காமிராவை இருத்திப் பிடித்துக்கொள்வதற்காக அமைந்தது அது. கடைக்காரர்கள் அதனைப் ‘பிளேட்’ என்பார்கள்; ஸ்டாண்டோடு சேர்ந்தே வருவதால், அதைத் தனியே பார்த்துத் தேர்ந்தெடுப்பவர்கள் மிகச் சிலரே. ‘இதற்கும் ஒரு சொற்பொழிவு வேண்டுமோ?’ என்று நீங்கள் எண்ணக்கூடும். அத்தகட்டைப் பொருட்படுத்தாமையால் ஓர் அரிய இரவை இழந்தவர்களுள் நானும் ஒருவன். ஆகையால் அந்த இரவைப்பற்றியே முதலில் சொல்கிறேன்.

2025ஆம் ஆண்டு செப்டம்பர் 7ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, முழுச் சந்திர கிரகணம் நிகழ்ந்தது. இரவு 11 மணியளவில் தொடங்கி ஏறத்தாழ 82 நிமிடங்கள் நிலவு பூமியின் நிழலுக்குள் முற்றும் அமிழ்ந்திருந்தது. என்னிடம் முன்னர்ப் படித்து, இப்பொழுது கல்லூரியில் இயற்பியல் பயிலும் மாணவன் ஒருவன், அதனைப் படம் எடுக்க வேண்டும் என்று பல நாட்களாகவே ஆசை கொண்டிருந்தான். அவனுடைய தாய்மாமன் எங்கள் ஊரில் சிறிய ஸ்டுடியோ வைத்துப் பிழைப்பவர். தொழிலுக்கு ஆதாரமான காமிராவையும், 400 மில்லிமீட்டர் வரை நீளும் லென்ஸையும் மருமகனை நம்பி ஓர் இரவுக்குக் கொடுத்தார். முக்காலிக்கு மட்டும் அவன் தன் நண்பனிடமிருந்த மெல்லிய ஸ்டாண்டு ஒன்றை வாங்கிக்கொண்டான். கைபேசிக்கும் சிறு வீடியோ காமிராவுக்கும் ஏற்ற ஸ்டாண்டு அது; அதன் தகடு பிளாஸ்டிக்கால் ஆனது.

என் வீட்டு மொட்டை மாடியில் இரவு 8 மணிக்கே காமிராவை நிறுத்தி ஒத்திகை பார்த்தோம். கீழ்வானில் ஏறிக்கொண்டிருந்த நிலவைச் சட்டத்தின் நடுவில் நிறுத்தி, பிடியை இறுக்கிக் கையை எடுப்பான். நிலவு சட்டத்துக்குள் மெல்ல மேலே நகர்ந்துவிடும். மீண்டும் நடுவில் நிறுத்துவான், மீண்டும் நகரும். “நிலவு உதயமாகி ஏறுகிறதல்லவா, அதனால்தான் ஐயா” என்றான். நானும் முதலில் அதை ஒப்புக்கொண்டேன். பிறகு, வகுப்பறையில் பல்லாண்டு காலம் போட்ட கணக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுழல்கிறது. அதாவது ஒரு மணிக்கு 15 பாகை. நிலவின் வட்டம் நம் கண்ணுக்கு ஏறத்தாழ அரைப் பாகை அகலம். ஆகவே, நிலவு தன் அகலத்தின் அளவு நகர இரண்டு நிமிடங்கள் ஆக வேண்டும். எங்கள் நிலவோ பத்து விநாடியில் அவ்வளவு தூரம் நகர்ந்தது! நகர்ந்தது நிலவன்று, எங்கள் காமிராவே மூக்கைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தது.

அப்பொழுதுதான் நான் ஒரு தவறு செய்தேன். “இன்னும் கொஞ்சம் இறுக்கு, தம்பி” என்றேன். அவன் இறுக்கினான். “இன்னும்” என்றேன். ‘டக்’ என்று ஓர் ஓசை கேட்டது. திருகைச் சுற்றிய பிளாஸ்டிக் பிளந்து, காமிரா ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அவன் இரு கைகளாலும் ஏந்திக்கொண்டதால் மாமனுடைய பிழைப்பு தப்பியது. கிரகணப் படம் தப்பவில்லை. முழு நிலவு மிகுந்த ஒளியுடையது. விநாடியில் 250இல் ஒரு பங்கு நேரத்தில் அதனைக் கையில் பிடித்தபடியே படம் எடுத்துவிடலாம். நிழலுக்குள் அமிழ்ந்த நிலவோ பல்லாயிரம் மடங்கு ஒளி குன்றிச் செம்பு நிறத்தில் கிடக்கும். அதற்கு ஒரு விநாடியோ, அதற்கு மேலோ காமிராவின் கண்ணைத் திறந்து வைக்க வேண்டும். அவ்வளவு நேரம் எந்த மனிதனுடைய கையும் அசையாதிராது. அன்றிரவு அவன் எடுத்த படங்களில் எல்லாம் சிவந்த கோடுகளே பதிந்திருந்தன.

தவறு எங்கே நேர்ந்தது? அதைத் தெரிந்துகொண்டால், எந்தத் தகட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதும் தானே விளங்கிவிடும்.

முக்காலியின் கால்கள் மேல் குற்றமில்லை. மூன்று புள்ளிகள் எங்கிருந்தாலும் அவற்றின் வழியே ஒரு தளம் அமைந்துவிடும். ஆதலால் மேடு பள்ளமான தரையிலும் மூன்று கால்கள் ஆட்டமின்றி ஊன்றி நிற்கும். நான்கு கால் நாற்காலி ஆடும். மூன்று கால் முக்காலி ஆடாது. பாரம் மேலிருந்து கீழாக, தகட்டின் வழியே தலைக்கும், தலையின் வழியே கால்களுக்கும் இறங்குகிறது. சங்கிலியின் வலிமை அதன் மிக மெலிந்த கண்ணியின் வலிமையே அன்றோ? எங்கள் சங்கிலியில் மெலிந்த கண்ணி அந்தத் தகடு.

அக்கண்ணியில் முதலில் அறிய வேண்டியது திருகு. காமிராவின் அடியில் மரை வெட்டிய துளை ஒன்றைக் காண்பீர்கள். அதன் விட்டம் கால் அங்குலம், அதாவது 6.35 மில்லிமீட்டர், ஓர் அங்குல நீளத்துக்கு 20 மரைகள். உலகில் எந்த நாட்டில் செய்த காமிராவாயினும் பெரும்பாலும் இதே அளவு இருப்பதைக் கண்டு நீங்கள் வியந்திருக்கலாம். ஒரு காலத்தில் ஒவ்வொரு பட்டறையும் தன் மனம்போல மரை வெட்டியது. ஒரு பட்டறையின் திருகு மற்றொரு பட்டறையின் துளையில் ஏறாது. 1841ஆம் ஆண்டில் ஜோசப் விட்வொர்த் என்னும் ஆங்கிலப் பொறியியலறிஞர், மரைகளுக்குப் பொது அளவுகள் வேண்டும் என்று கூறி ஓர் அட்டவணையை முன்வைத்தார். கால் அங்குலத் திருகுக்கு 20 மரை என்பது அவ்வட்டவணையிலேயே உண்டு. இன்று சர்வதேசத் தர அமைப்பின் 1222ஆம் எண் தரம் காமிராக்களுக்கான திருகளவுகளை வரையறுக்கிறது. கால் அங்குலத்தோடு, கனத்த கருவிகளுக்கென 3/8 அங்குல விட்டமும் 16 மரையும் கொண்ட பெரிய திருகும் அதில் அடங்கும். முக்காலியின் கால்களோடு தலையைப் பிணைப்பதும் பெரும்பாலும் இப்பெரிய திருகே. பெரிய துளையில் சிறிய திருகை ஏற்றுவதற்கு இடைப்புரி ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. அதை வாங்கிப் பையில் வைத்துக்கொள்வது நலம்.

திருகின் நீளத்தையும் பாருங்கள். அது தேவைக்கு மேல் நீண்டிருந்தால் துளையின் அடியைக் குத்திக் காமிராவைக் கெடுத்துவிடும். 5.5 மில்லிமீட்டருக்கு மேல் நீண்ட திருகைப் பயன்படுத்தலாகாது என்று எச்சரிக்கும் காமிராக் கையேடுகள் உண்டு. வீட்டிலுள்ள ஏதோ ஓர் ஆணியைக் கொண்டு சமாளித்துவிடலாம் என்ற துணிவு இவ்விடத்தில் கூடாது.

இனி, எங்கள் காமிரா ஏன் மூக்கைத் தொங்கவிட்டது என்பதைக் காண்போம். இது நீங்கள் உயர்நிலைப் பள்ளியில் படித்த நெம்புகோல் கணக்கே. காமிராவின் எடை 700 கிராம் என்றும், லென்ஸின் எடை 1,400 கிராம் என்றும் கொள்வோம். காமிராவின் எடை திருகுக்கு நேர்மேலே இருக்கிறது. லென்ஸின் ஈர்ப்பு மையமோ திருகுக்கு 15 சென்டிமீட்டர் முன்னே நிற்கிறது. திருப்புத்திறன் என்பது எடையைத் தூரத்தால் பெருக்கிய தொகை. 1,400ஐ 15ஆல் பெருக்கினால் 21,000 கிராம்-சென்டிமீட்டர் ஆகிறது. ஒரு கிலோகிராம் எடையுள்ள படிக்கல்லை 21 சென்டிமீட்டர் நீளமுள்ள குச்சியின் நுனியில் தொங்கவிட்டு, குச்சியின் மறு நுனியை ஒரு சிறு பிளாஸ்டிக் தகட்டில் திருகி வைத்ததற்கு ஒப்பாகும் அது. தகடு வளைகிறது, அதன்மேல் ஒட்டிய ரப்பர் நசுங்குகிறது, லென்ஸின் நுனி தாழ்கிறது. இறுக்கினாலும் தூரம் குறைவதில்லை, எடையும் குறைவதில்லை. அந்த உண்மையைப் பல்லாண்டு காலம் கரும்பலகையில் எழுதிய நானே, “இன்னும் இறுக்கு” என்று சொன்னேன்!

இதே கணக்கு பரிகாரத்தையும் சொல்கிறது. 700 கிராமும் 1,400 கிராமும் 15 சென்டிமீட்டர் இடைவெளியில் இருந்தால், இரண்டும் சமநிற்கும் இடம் எது? காமிராவிலிருந்து 10 சென்டிமீட்டர் முன்னே, லென்ஸிலிருந்து 5 சென்டிமீட்டர் பின்னே. 700ஐ 10ஆல் பெருக்கினாலும், 1,400ஐ 5ஆல் பெருக்கினாலும் 7,000தான். அந்த இடத்தில் தாங்கினால் எந்தப் பக்கமும் தொங்காது. ஒரு விரலால் தொட்டாலே நாம் விரும்பும் திசைக்குத் திரும்பும். இதற்காகவே கனத்த நீள லென்ஸ்களுக்குக் காலர் என்னும் வளையத்தை அமைக்கிறார்கள். அவ்வளையத்தின் அடியில் ஒரு பாதம் இருக்கும். திருகுத் துளை அப்பாதத்தில் இருக்கும். ஆகவே நீள லென்ஸ் உடையவர், தகட்டைக் காமிராவின் அடியில் பூட்டாமல், காலரின் பாதத்திலேயே பூட்ட வேண்டும். அத்தகடு நீளமானதாக இருப்பது நன்று. முன்னும் பின்னும் நகர்த்திச் சமநிலை காண இடம் கிடைக்கும்.

அடுத்த நாள் காமிராவைத் திருப்பிக் கொடுக்க ஸ்டுடியோவுக்குச் சென்றபோது நாங்கள் கண்டது என்ன தெரியுமா? அந்த லென்ஸின் காலர், அலமாரியில் ஒரு துணிப்பையில் பத்திரமாக இருந்தது. கல்யாண வீடுகளில் கையில் பிடித்துப் படம் எடுக்கும்போது இடைஞ்சலாக இருக்கிறதென்று மாமன் அதைக் கழற்றி வைத்திருந்தார். அதன் பயனை அவர் எங்களுக்குச் சொல்ல மறந்தார், நாங்களும் கேட்கவில்லை.

நீள லென்ஸ் இல்லாதவர்கள் யாது செய்வது? சாதாரண சிறு லென்ஸ் பூட்டிய காமிராவுக்குச் சிறிய உலோகத் தகடே போதும். ஆனால் நெடுக்குவாட்டில் படம் எடுக்கக் காமிராவைப் பக்கவாட்டில் சாய்க்கும்போது வேறொரு சிக்கல் எழுகிறது. காமிரா முக்காலியின் நடுவிலிருந்து விலகி ஒரு பக்கமாகத் தொங்குகிறது. அத்துடன், நிமிர்ந்து நின்ற திருகு இப்பொழுது படுத்துவிடுகிறது. முன்னே நீண்ட லென்ஸின் எடை, திறவுகோலைப்போல அத்திருகைச் சுற்றியே காமிராவைத் திருப்பப் பார்க்கிறது. அதைத் தடுப்பது தகட்டுக்கும் காமிராவுக்கும் இடையேயுள்ள உராய்வு ஒன்றே. இதற்காக ‘எல்’ என்ற ஆங்கில எழுத்தின் வடிவத்தில் ஒரு தகடு செய்கிறார்கள். அதன் ஒரு கை காமிராவின் அடியிலும், மறு கை பக்கத்திலும் படிந்திருக்கும். நெடுக்குவாட்டில் எடுக்க வேண்டுமானால், தலையைச் சாய்க்காமல், காமிராவைக் கழற்றிப் பக்கத்துக் கையின்மேல் நிறுத்திவிடலாம். பாரம் எப்பொழுதும் மூன்று கால்களுக்கு நடுவிலேயே நிற்கும். காலர் உள்ள லென்ஸுக்கு இத்தகடு தேவையில்லை. வளையத்தைச் சற்றுத் தளர்த்திக் காமிராவைச் சுழற்றினாலே போதும்.

எல் வடிவத் தகட்டை வாங்குவோர், எல்லாக் காமிராவுக்கும் பொது என்று சொல்லப்படுவதைவிடத் தம்முடைய காமிராவின் வடிவுக்கென்றே செய்ததைத் தேடுவது நல்லது. அளவுக்குச் செய்த தகட்டில் காமிராவின் உடலைத் தழுவும் சிறு விளிம்பு இருக்கும். காமிரா திருகைச் சுற்றித் திரும்ப முயன்றால் அவ்விளிம்பு தடுத்துவிடும். மின்கலத்தின் மூடியும், கம்பிகள் நுழையும் துளைகளும் மறைபடாமல் இருக்கின்றனவா என்பதையும் பூட்டிப் பார்த்தே அறிய வேண்டும்.

தகடு தலையோடு பொருந்தும் விதத்தையும் கவனிக்க வேண்டும். பல நிறுவனங்கள் தத்தமக்கென்று தனி வடிவங்களை வைத்திருக்கின்றன. ஒன்றன் தகடு மற்றொன்றில் ஏறாது. அவற்றிடையே மிகப் பரவியிருப்பது, சுவிட்சர்லாந்தில் தோன்றிய ‘ஆர்கா-ஸ்விஸ்’ என்னும் நிறுவனத்தின் பெயரால் வழங்கும் வடிவம். தகட்டின் இரு ஓரங்களும் சரிவாக வெட்டப்பட்டிருக்கும். அகலம் ஏறத்தாழ 38 மில்லிமீட்டர். முக்காலித் தலையிலுள்ள கவ்வியின் இரு உதடுகளும் அச்சரிவுகளைப் பற்றிக்கொள்ளும். பல நிறுவனங்கள் இவ்வடிவத்தைப் பின்பற்றுவதால், பின்னர் வேறு தலை வாங்கினாலும் பழைய தகடு பயன்படும். ஆயினும், அகலத்தில் மயிரிழை வேறுபாடுகள் உண்டு. திருகி இறுக்கும் கவ்வி அவ்வேறுபாட்டைத் தானே சரிக்கட்டிக்கொள்ளும். ஒரே தள்ளில் மூடும் நெம்புக் கவ்வியோ, ஒரு தகட்டை இறுகப் பற்றி, வேறொன்றைத் தளர விட்டுவிடக்கூடும். பல நிறுவனங்களின் தகடுகளைக் கலந்து பயன்படுத்துவோருக்குத் திருகுக் கவ்வியே பாதுகாப்பு. தகட்டின் இரு நுனிகளிலும் சிறு தடைத் திருகுகள் இருந்தால் இன்னும் நல்லது. கவ்வி சற்றுத் தளர்ந்தாலும் காமிரா வழுக்கி விழாது.

கைபேசியால் படம் எடுக்கும் மாணவர்களே இன்று மிகுதி. அவர்களுக்கு வேண்டியது, கால் அங்குலத் துளையுள்ள ஒரு கவ்வி. கைபேசியின் எடை 200 கிராம் அளவே ஆதலால், இங்கே பாரம் பெரிதன்று, பிடிப்பே பெரிது. வில்லால் மட்டும் பிடிக்கும் கவ்வி, நாளடைவில் வில் தளர்ந்துவிட்டால் நம்பத்தக்கதன்று. திருகி இறுக்கும் கவ்வியே மேல். உறையோடு வைக்கும்போது கைபேசி அதில் அடங்குகிறதா, கவ்வியின் உதடு பக்கத்துப் பொத்தானை அழுத்துகிறதா என்று பாருங்கள். அழுத்தினால் படத்துக்கு நடுவே கைபேசி அணைந்துவிடும்.

கடையில் தகட்டையோ தலையையோ வாங்கும்போது, ‘இத்தனை கிலோ தாங்கும்’ என்று அச்சிட்டிருப்பதைக் கண்டு மயங்காதீர்கள். அவ்வெண், பாரம் நடுவில் நிற்கும்போது மட்டுமே மெய்யாகக்கூடும். அது 15 சென்டிமீட்டர் முன்னே தள்ளி நிற்கும்போது என்ன ஆகும் என்பதை அது சொல்வதில்லை. ஆதலால், இயலுமாயின் உங்கள் காமிராவையும், உங்களிடமுள்ள மிகக் கனத்த லென்ஸையும் கையோடு கொண்டு செல்லுங்கள். பூட்டி நிறுத்துங்கள். தொலைவிலுள்ள ஒரு பெயர்ப் பலகையின் ஓர் எழுத்தைச் சட்டத்தின் நடுவில் வைத்து, பிடியை இறுக்கிக் கையை எடுங்கள். எழுத்து இடம் மாறுகிறதா என்று ஒரு நிமிடம் பாருங்கள். பிறகு லென்ஸின் நுனியை விரலால் மெல்லத் தட்டுங்கள். நடுக்கம் உடனே அடங்கினால் தகடும் தலையும் நல்லவை. நெடுநேரம் ஆடினால் அது உங்களுக்கு உரியதன்று. தகட்டின் மேலுள்ள ரப்பர் மிகத் தடித்து மெத்தென்று இருந்தால், அதுவும் ஓர் ஆட்டத்துக்கு இடமாகும். மெல்லிய பிடிப்புள்ள மேற்பரப்பும், வளையாத அலுமினியமுமே விரும்பத்தக்கவை.

பூட்டும் முறைக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. தகட்டுக்கும் காமிராவுக்கும் இடையே மணலோ தூசியோ இல்லாமல் துடைத்துக்கொள்ளுங்கள். திருகைக் கையால் இறுகும்வரை திருகி, சாவியாலோ நாணயத்தாலோ இன்னும் சிறிதளவு மட்டும் திருப்புங்கள். அதற்கு மேலும் வலிந்து இறுக்கினால் காமிராவின் மரையே பிடுங்கிக்கொள்ளும். அச்சாவி எப்பொழுதும் பையிலேயே இருக்கட்டும். காமிராவைக் கவ்வியில் வைத்தபின், பிடி விழுந்துவிட்டதா என்று மெல்ல இழுத்துப் பார்க்கும்வரை அதன் வார் உங்கள் கழுத்தைவிட்டு நீங்கலாகாது. இறுதியாக, படம் எடுக்கும்போது பொத்தானை அழுத்தும் விரலே காமிராவை அசைக்கும். ஆகவே இரண்டு விநாடி தாழ்த்தி இயங்கும் வசதியைப் பயன்படுத்துங்கள்.

அம்மாணவன் இப்பொழுது என்ன செய்கிறான் என்பதைச் சொல்லி முடிக்கிறேன். புதிய காமிரா வேண்டுமென்றோ, விலை உயர்ந்த முக்காலி வேண்டுமென்றோ அவன் கேட்கவில்லை. மாமனிடமிருந்த காலரை எடுத்து லென்ஸில் பூட்டினான். தன் உதவித்தொகையில் மிச்சம் பிடித்து, நீண்ட அலுமினியத் தகடு ஒன்றும், திருகுக் கவ்வியுள்ள தலை ஒன்றும் வாங்கினான். ஸ்டுடியோவின் மூலையில் கிடந்த பழைய கனத்த முக்காலியின்மேல் அத்தலையைப் பொருத்தினான். ஒரு மாலை என் மாடிக்கு வந்து, எல்லாவற்றையும் பூட்டி, இரு கைகளையும் எடுத்துவிட்டு நின்றான். பிறைநிலவு சட்டத்துக்குள் நகர்ந்தது. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். ஏறத்தாழ இரண்டு நிமிடங்களில் அது தன் அகலம் நகர்ந்திருந்தது. இம்முறை நகர்ந்தது வானந்தான்.

2028ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள் இரவு, நம் நாட்டில் மீண்டும் ஒரு முழுச் சந்திர கிரகணம் காணக் கிடைக்கும். அன்றைக்கென்று மாமனிடம் அவன் இப்பொழுதே காமிராவைக் கேட்டு வைத்திருக்கிறான். மாமனும் தருவதாகச் சொல்லியிருக்கிறார். ஆனால் முதல் நாளே தகட்டைப் பூட்டித் தம்மிடம் காட்ட வேண்டும் என்பது அவருடைய நிபந்தனை. நியாயமான நிபந்தனைதான். உங்களுள் எவரேனும் அவ்விரவுக்குக் காமிரா இரவல் வாங்குவதாயின், நீங்களும் அதற்கு உடன்படுங்கள்.